பூம்புகார் கொல்லையில் ஒரு பூண்டுப் பாத்தி

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூண்டின் விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் எங்கள் கொல்லை வேலியோரம் வந்து நின்றார். "தம்பி, கொல்லையில பூண்டு போட்டிருக்கியாமே, பல்லு வச்சிருச்சா?" என்று கேட்டார். "தாளு நல்லா வந்திருக்குக்கா. பல்லு இன்னும் தெரியல" என்றேன். "அப்ப புல்லுன்னு சொல்லு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் அறியாமலே சரியாகத்தான் சொன்னார். தமிழில் 'பூண்டு' என்ற சொல்லுக்குச் சிறு செடி என்பதே பொதுப்பொருள். 'புல் பூண்டு கூட முளைக்காது' என்று தரிசு நிலத்தைச் சொல்கிறோம். நாம் சமைக்கும் பொருளுக்கு வெள்ளைப்பூண்டு, உள்ளி, வெள்ளுள்ளி என்ற பெயர்கள் உண்டு. இலங்கைத் தமிழர் இன்றும் உள்ளி என்றே வழங்குகிறார்கள். என் கொல்லையில் அப்போது நின்றது உள்ளி அல்ல, வெறும் பூண்டு.

அது மூன்றாவது முயற்சி. முதல் முறை 2022-ஆம் ஆண்டு ஆடியில் நட்டேன். எதை விதைப்பதானாலும் ஆடிப்பட்டம் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். மளிகைக் கடையில் வாங்கிய பூண்டைப் பல் பிரித்து ஊன்றினேன். ஒரு சாண் உயரம் வளர்ந்தது, நுனி கருகியது, ஆவணி வெயிலில் படுத்துவிட்டது. ஐப்பசியில் மறுபடியும் நட்டேன். அந்த நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 43 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பகுதியே குளமானபோது பூண்டுப் பாத்தியைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. தண்ணீர் வடிந்த பின் தோண்டிப் பார்த்தால் பற்கள் அழுகிக் கூழாகியிருந்தன.

இரண்டு தோல்விகளுக்கும் பருவத்தையும் மழையையும் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையான காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள நான் கொடைக்கானல் மலை ஏற வேண்டியிருந்தது.

தமிழகத்தில் பூண்டு என்றால் மலைதான். நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் அது காலங்காலமாக விளைகிறது. உதகையிலிருந்து 'ஊட்டி 1' என்ற ரகம் வந்திருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகாசி, ஆனி வாக்கில் ஒருமுறையும், ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மறுமுறையுமாக ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே நடுகிறார்கள். 2023 கோடையில் பூம்பாறைக்குப் போனேன். மலைச் சரிவை வெட்டிய படிப்படியான வயல்களில் பூண்டு நின்றது. ஒரு விவசாயியிடம் என் கொல்லைக் கதையைச் சொன்னேன். "சார், இதைக் கீழ கொண்டுபோனா தாளுதான் வரும். இதுக்குக் குளிரு வேணும்" என்றார். நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கான விளக்கம்தான்.

பூண்டின் பல் ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. தடித்து உணவைச் சேமித்துக்கொண்ட ஓர் இலையும், அதன் நடுவே ஒரு குருத்தும் சேர்ந்ததே பல். அதை ஊன்றினால் வேரும் இலையும் விடும். அந்தச் செடி இலை வளர்ப்பதை நிறுத்திக்கொண்டு, அடியில் புதிய மொட்டுகளை உருவாக்கி அவற்றைக் கொழுக்க வைக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு சமிக்ஞை தேவை. குளிர்காலம் முடிந்துவிட்டது, இனிப் பகல் நீளும், வெயில் ஏறும், கோடையைத் தாங்கக் கிழங்காகிவிடு என்பதே அந்தச் சமிக்ஞை. பூண்டின் தாயகம் மத்திய ஆசியா. பனி மூடும் குளிரும் சுட்டெரிக்கும் கோடையும் மாறி மாறி வரும் மலைநாடு அது. அங்கே பிழைக்கக் கற்றுக்கொண்ட கணக்கை அந்தச் செடி இன்னும் மறக்கவில்லை. ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் சில வாரங்கள் கழிந்தாலொழிய, பெரும்பாலான பூண்டு ரகங்கள் பல் பிரிவதில்லை.

பகல் நீளம்தான் முக்கியம் என்று சில நூல்களில் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பூம்புகார் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. கொடைக்கானல் 10 பாகையில் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் ஆண்டின் மிகக் குறுகிய பகல் பதினொன்றரை மணி நேரம், மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் என்ற அளவில்தான் அமைகிறது. சில நிமிட வேறுபாடுதான் உண்டு. அதே சூரியன், அதே பகல்; அங்கே பூண்டு விளைகிறது, இங்கே விளையவில்லை. ஆக, நம் அட்சரேகையில் தீர்மானிப்பது வெளிச்சம் அல்ல, குளிர். விதைப்பல் போதிய குளிரைப் பெற்றுவிட்டால் நீண்ட பகலுக்கான தேவை குறைந்துவிடுகிறது. சனவரி இரவுகளில் கொடைக்கானல் 8 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. எங்கள் கடற்கரையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியைத் தொடுவது அரிது. நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு 'என்ன குளிர்' என்கிறோம். பூண்டு அதைக் கோடை என்று நினைத்துக்கொள்கிறது.

சின்ன வெங்காயம் பெரம்பலூர் வெயிலில் விளையும்போது பூண்டுக்கு மட்டும் என்ன பிடிவாதம் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் வெங்காயம் முதன்மையாகப் பகல் நீளத்தைப் பார்ப்பது. நம் குறுகிய பகலுக்கே திரளும் வகைகள் அதில் உண்டு. அத்துடன் வெங்காயம் பூத்து விதை தருவது. விதை வழியே கலந்து மாறி, புது மண்ணுக்கு ஏற்ற வகைகளை எளிதில் உருவாக்கிக்கொள்ளும். பூண்டோ கிட்டத்தட்ட விதையே தருவதில்லை. பல்லை ஊன்றிப் பல்லை எடுப்பதால் பிள்ளை அச்சு அசல் தாயாகவே பிறக்கிறது. தாயின் குளிர்த்தேவையும் அப்படியே கூட வருகிறது.

அப்படியானால் குளிரை நாமே கொடுத்துவிட்டால் என்ன? குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு இப்போது குறைவு. அதற்குள் இருக்கும் 4, 5 டிகிரி பூண்டுக்கு ஒரு செயற்கைப் பனிக்காலம். சமையலுக்கு வைத்த பூண்டு குளிர்பெட்டியில் விரைவாக முளைவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். உறக்கம் கலையும் குளிர் அது. (அதனாலேயே சமையல் பூண்டை உள்ளே வைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுவது நல்லது.)

2023 தீபாவளியை ஒட்டி, பூம்பாறையிலிருந்து கொண்டுவந்திருந்த விதைப்பூண்டை உடைக்காமல் முழுதாகக் காகிதப் பையில் இட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஆறு வாரம் வைத்தேன். உறைநிலைப் பகுதியில் வைக்கக் கூடாது, பல் செத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வேகம் அடங்கிய மார்கழி முதல் வாரத்தில் எடுத்து, அன்றே பல் பிரித்து அன்றே நட்டேன். வெளியே சில நாள் கிடக்கவிட்டால், பெற்ற குளிரின் பயனை நம் வெப்பம் ஓரளவு அழித்துவிடும். அக்கா வந்து கேட்டது இந்தப் பாத்தியைத்தான்.

பாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மண் கடலோர மணல் கலந்தது. தண்ணீர் நிற்காது என்பது நன்மை. சத்தும் நிற்காது என்பது குறை. மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டேன். பல்லின் கூர்முனை மேல்நோக்கி இருக்க, இரண்டு விரற்கடை ஆழத்தில், நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றி, மேலே வைக்கோல் பரப்பினேன். டெல்டாவில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அது மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கிறது, களையை அடக்குகிறது. தையிலும் மாசியிலும் பனி இறங்கும் நாட்களில் வாரம் இரண்டு தண்ணீர் போதும். மாசிக் கடைசியிலிருந்து இங்கே நிலத்தடி நீர் உவர்ப்பேறத் தொடங்கும். வெங்காயக் குடும்பம் உப்பைத் தாங்காது. அந்த வாரங்களில் மழைநீர்த் தொட்டியில் பிடித்துவைத்ததைக் கொண்டு சமாளித்தேன். அடி இலைகள் பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, இரண்டு வாரம் விட்டு, பங்குனியில் பிடுங்கினேன்.

நட்டது அறுபது பல். இருபதுக்கு மேல் ஒன்றும் தேறவில்லை. தேறியவற்றிலும் பாதி, கோலிக்குண்டு அளவில் ஒற்றைப்பல்லாக உருண்டிருந்தன. மீதியில் மூன்று அல்லது நான்கு பற்கள். ஒரு பூண்டு கூடச் சந்தைப் பூண்டின் பாதிப் பருமனைத் தொடவில்லை. குளிர்பெட்டியின் சூட்சுமமும் அதன் எல்லையும் இதுதான். குளிர் செடியை அவசரப்படுத்துகிறது. போதிய இலை விடுவதற்கு முன்பே அது கிழங்காகத் தொடங்கிவிடுகிறது. பின்னாலேயே பங்குனி வெயில் துரத்திக்கொண்டு வருகிறது. இலைதான் அடுப்பு. அடுப்பு சிறிதானால் உலையும் சிறிதுதான். கிடைத்தது மொத்தம் கால் கிலோவுக்கும் குறைவு. ஆறு வாரக் குளிர்பெட்டி மின்சாரத்தையும் எருவையும் கணக்கில் சேர்த்தால், 400 ரூபாய்ப் பூண்டு மலிவு.

இதைச் சொல்வது யாரையும் தடுக்க அல்ல. ஆனால் தொட்டியில் நான்கு பல் ஊன்றினால் நாற்பது பூண்டு என்பது போன்ற காணொளிகள் கைபேசியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல, குளிர்நாட்டு முற்றங்களில் எடுக்கப்பட்டவை. எந்த ஊர், எந்த உயரம், எந்த மாதம் என்ற மூன்றையும் சொல்லாத வேளாண் ஆலோசனை, நோயாளியைப் பார்க்காமல் எழுதிய மருந்துச் சீட்டு. பூண்டு விலை ஏறும்போது நம் கொல்லையை நோக்குவதைவிட, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் வட்டாரங்களை நோக்கினால் காரணம் தெரியும். நாட்டிலேயே அதிகமாகப் பூண்டு விளைவது அந்த மாநிலத்தில்தான். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் நட்டது குளிர்காலம் முழுதும் வளர்ந்து மாசி, பங்குனியில் வீடு வருகிறது. ஓராண்டு விலை வீழ்ந்து விவசாயி கைசுட்டுக்கொண்டால், அடுத்த ஆண்டு பரப்பு குறையும். நம் மளிகைக் கடையில் விலை ஏறும்.

வெப்ப நாட்டுக் கடற்கரையில் பூண்டே விளையாதா என்றால், விளைகிறது. வியட்நாமின் லி சோன் தீவு நல்ல எடுத்துக்காட்டு. எரிமலை மண்ணின் மேல் கடல் மணலைப் பரப்பி அங்கே பூண்டு பயிரிடுகிறார்கள். என் கொல்லையில் தோல்வியாகத் தோன்றிய ஒற்றைப்பல் பூண்டுதான் அந்தத் தீவின் மிக விலை உயர்ந்த சரக்கு. பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் நெல் அறுத்த வயலில் வைக்கோலைப் பரப்பி அதன் ஊடே பூண்டு நடுகிறார்கள். ஆனால் லி சோன் ஏறத்தாழ 15 பாகையிலும் இலோகோஸ் 18 பாகையிலும் இருக்கின்றன. அவற்றின் தை மாதம் நம் தை மாதத்தைவிடக் குளிர்ந்தது. அதைவிட முக்கியமாக, அங்குள்ள மக்கள் பல தலைமுறைகளாகத் தங்கள் வெப்பத்தில் பிழைத்த பூண்டையே பொறுக்கி எடுத்து மறுபடி மறுபடி நட்டு வந்திருக்கிறார்கள். விதையில்லாத பயிரில் மாற்றம் மிக மெதுவாகவே வரும். ஆனால் வரும்.

சோழநாட்டுக் காவிரிக் கரையில் அப்படி யாரும் பொறுக்கியதாகத் தெரியவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, சோழநாட்டு ஊர்களின் வளத்தைச் சொல்லும் இடத்தில் தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று வரிசையாக அடுக்குகிறது. அந்தப் பட்டியலில் பூண்டு இல்லை. அதில் உள்ள எட்டும் இன்றும் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு கொல்லையில் நிற்கின்றன, எவருடைய குளிர்பெட்டியின் தயவும் இல்லாமல்.

எனக்கு இப்போது பூண்டு நடுவதில் வேறு கணக்கு. ஐப்பசியில் ஆரம்பிக்கும் பெருமழைக் காலத்துக்குத் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டிகள். மார்கழியிலிருந்து கொல்லையில் ஒரு பாத்தி. நான் எதிர்பார்ப்பது தாளைத்தான். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து நுனி இலைகளைக் கிள்ளலாம். குருத்தைத் தொடாமல் விட்டால் மூன்று, நான்கு முறை துளிர்க்கும். பல்லின் காரம் அதில் பாதிதான் இருக்கும், மணம் குறையாது. குஜராத்தில் குளிர்காலப் பச்சைப் பூண்டுக்காகக் காத்திருந்து சமைக்கிறார்கள். நாம் முளைவிட்ட பல்லைக் குப்பையில் எறிகிறோம். முளைத்த பல்லை வீணாக்காமல் மண்ணில் ஊன்றினால் போதும். அதற்குக் குளிரும் வேண்டாம், பருவமும் பெரிதாக வேண்டாம், ஆடி வெயிலில் கொஞ்சம் நிழல் மட்டும் வேண்டும்.

அந்த இருபதில் ஒற்றைப்பற்களைச் சமைத்துவிட்டு, பல் பிரிந்தவற்றை மட்டும் தாளோடு பின்னிச் சமையலறைப் பரணில் கட்டிவைத்தேன். சென்ற மார்கழியில் அவற்றையே, நான்கு வாரக் குளிர் மட்டும் கொடுத்து நட்டேன். முப்பதில் பதினான்கு பல் பிரிந்தன. இது முன்னேற்றமா தற்செயலா என்று இரண்டு பாத்திகளை வைத்துச் சொல்ல முடியாது. வேலியோர அக்காவுக்கு இந்தக் கணக்கில் ஆர்வமில்லை. வாரம் ஒருமுறை வந்து, மீன் குழம்பில் போட ஒரு பிடித் தாள் கிள்ளிக்கொண்டு போகிறார்.