உடல்மேல் ஒளியெழுத்து
எழுத்து நடந்த தெரு – 11

சென்ற வாரம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், ‘தி முசல்மான்’ அலுவலகத்தில் இருந்தோம். 1927இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கிய உருது மாலை நாளிதழ் அது. கணினி வந்த பிறகும் அங்கே காத்திபுகள் என்ற எழுத்துக் கலைஞர்கள் கலம் என்ற பேனாவைப் பிடித்துப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார்கள். கடைசி நேரச் செய்திக்கென்று முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டார்கள். எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்த்து எழுத்தை நெருக்கவும் தளர்த்தவும் தெரிந்த கைகள். அந்தக் கைகள் காகிதத்தில் செய்த வேலையை, இருட்டறையில் நிற்கும் ஓர் உடம்பும் செய்யும். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

ப்ரொஜெக்டரில் எழுத்தைப் போட்டு, மனிதத் தோல்மேல் விழ வைப்பது ஓவியமும் டிசைனும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிடித்த சோதனை. ஜன்னலை மூடிய அறை, மேசைமேல் ப்ரொஜெக்டர், சுவருக்கு முன்னால் நிற்கச் சம்மதித்த ஒரு நண்பர். இவ்வளவு போதும். சுவரில் நேராக நின்ற வரி முதுகெலும்புப் பள்ளத்தில் இறங்குகிறது, தோள்பட்டையில் ஏறுகிறது, விலாவோரம் போய் மறைகிறது. மூச்சை இழுத்தால் எழுத்தும் சேர்ந்து நகர்கிறது.

முதல் தடவை செய்கிறவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேமராவை ப்ரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே வைத்து எடுப்பார்கள். படத்தில் எழுத்து சுவரில் இருந்த மாதிரியே நேராக இருக்கும். காரணம் எளிது. ஒளி எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறதோ அதே புள்ளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, பரப்பு எப்படி மேடுபள்ளமாக இருந்தாலும் உருவம் வளையாது. பக்கவாட்டில் நாலடி தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்போதுதான் உடம்பு எழுத்தை என்ன செய்கிறது என்பது தெரியும்.

தோலில் குறி எழுதுவது திருவல்லிக்கேணிக்குப் பழக்கமான சங்கதிதான். பார்த்தசாரதி கோயில் மாடவீதிகளில், திருமண்ணைக் குழைத்துக் கண்ணாடி பார்த்து நெற்றியில் இடும் தென்கலைத் திருநாமம் தினமும் எழுதி தினமும் அழிகிறது. அடியில் பாதம் வைத்து, நடுவில் ஸ்ரீசூர்ணம் தீட்டுகிற அந்த மூன்று கோடுகளைத் தப்பில்லாமல் இட ஒரு தேர்ந்த கை வேண்டும். சமாசிரயணம் என்ற வைணவ தீட்சை ஆனவர்களின் வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் சூட்டால் பொறித்திருக்கும். அந்தக் கோயிலின் உற்சவர் திருமுகத்திலேயே வடுக்கள் உண்டு. பாரதப் போரில் பீஷ்மர் எய்த அம்புகள் பட்ட தழும்புகள் என்பது ஐதீகம். ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தேரோட்டியவன் வாங்கிய அடி, முகத்தில் எழுதியிருக்கிறது. கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் மெரினா. அந்த மணலில் பச்சை குத்துகிறவர்களிடம் கையை நீட்டிக் காதலி பெயரையும் அம்மா பெயரையும் எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். எழுபதுகளில் எம்.ஜி.ஆர். தம் கட்சித் தொண்டர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னதும் இதே ஊர் அரசியலின் ஒரு பக்கம்.

மண் ஒட்டுகிறது, சூடு சுடுகிறது, ஊசி குத்துகிறது. இவை எல்லாம் தோலுக்கு ஏதோ ஒன்றைச் செய்கின்றன. ப்ரொஜெக்டர் வெளிச்சம் தோலை ஒன்றும் செய்வதில்லை. இங்கே தோல்தான் எழுத்தைத் திருத்துகிறது. அதனால்தான் இந்தச் சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதை உலகறியச் செய்தவர் ராபர்ட் பிரவுன்ஜான். 1925இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். சிகாகோவில் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்’ மாணவர். அங்கே அவருக்கு ஆசிரியர் லாஸ்லோ மொஹொலி-நாட்ஜ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் 1928 வரை கற்பித்த ஹங்கேரியர். மரம், இரும்பு, களிமண் போல ஒளியையும் கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய பொருளாகப் பார்த்தவர். உலோகத் தகடும் கண்ணாடியும் சுழன்று சுவரெங்கும் நிழலை ஓட விடுகிற ஓர் எந்திரத்தை 1930இலேயே செய்து காட்டினார். அந்த வகுப்பிலிருந்து வந்த மாணவர், பிற்காலத்தில் எழுத்தை ஒளியாக்கி உடம்பில் விட்டதில் ஆச்சரியம் இல்லை.

பிரவுன்ஜான் 1960இல் லண்டனுக்குக் குடிபோனார். அடுத்த வருடம், லண்டன் தெருக்களில் உடைந்தும் தேய்ந்தும் கிழிந்தும் கிடந்த பெயர்ப்பலகை எழுத்துகளைப் படமெடுத்து, ஹெர்பர்ட் ஸ்பென்சர் நடத்திய ‘டைப்போகிராஃபிகா’ இதழில் வெளியிட்டார். மழையும் வெயிலும் மனிதக் கையும் எழுத்தைத் திருத்திய விதம் அந்தப் படங்களில் பதிந்திருக்கிறது. பைகிராஃப்ட்ஸ் ரோடு என்ற பழைய பெயரை இன்னும் விடாத பாரதி சாலையில் அப்படி ஒரு நடை போனால் நமக்கும் ஒரு தொகுப்பு கிடைக்கும். அதை வேறொரு வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

1963இல் இரண்டாவது ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்துக்கு டைட்டில் செய்யும் வேலை அவருக்கு வந்தது. தயாரிப்பாளர்களுக்கு யோசனையை விளக்க, விளக்கை அணைத்து ஸ்லைடு ப்ரொஜெக்டரைப் போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் தாமே ஆடிக் காட்டினார் என்பது டிசைன் உலகில் தலைமுறை தாண்டிச் சொல்லப்படும் கதை. படத்தில் அவர் இடத்தில் ஒரு நடனப் பெண். இடுப்பிலும் தோளிலும் கையிலும் வண்ண வண்ணமாக நடிகர் பெயர்கள் நெளிந்து ஓடும்.

எடுப்பது சுலபமாக இருக்கவில்லை. ப்ரொஜெக்டர் லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் எழுத்தைக் கூர்மையாகக் காட்டும். ஆடுகிறவர் ஓரடி முன்னே வந்தாலும் எழுத்து கலங்கிவிடும். ஆனால் டைட்டில் என்றால் பெயரைப் படிக்க முடிந்தாக வேண்டும். ஆட்டத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, எந்தப் பெயர் உடம்பின் எந்தப் பாகத்தில் விழலாம் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் எழுத்தைத் தனியே ஒதுக்கி நிறுத்திவிட்டு, தங்க நிறம் பூசிய மார்கரெட் நோலன் உடம்பில் படக்காட்சிகளையே ஓட விட்டார். 1970இல், 44 வயதில் லண்டனில் இறந்துபோனார்.

அதே 1963இல் சென்னையில் என்ன நடந்தது? அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, திருவல்லிக்கேணியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அந்த ஆண்டில்தான் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க வராது. கட்டம், எண், ஜாதகக் குறி மாதிரி ஏதேதோ வரிசை வரிசையாக நிற்கும். லண்டனில் ஒருவர் படிக்கும் எழுத்தை உடம்பில் நெளிய விட்ட காலத்தில், மெட்ராஸில் ஒருவர் எழுத்தைப் படிப்பிலிருந்தே விடுவித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. அந்தப் பள்ளியில் அறுபதுகளில் படித்து வந்த கே.எம். ஆதிமூலம், தமிழ்ப் புத்தக அட்டைகளிலும் சிற்றிதழ்களிலும் தூரிகை எழுத்துக்கு ஒரு தனி நடையைக் கொண்டுவந்தார். எழுத்தைக் கலையாகப் பார்க்கும் கண் நம் ஊருக்கு இருந்தது. அதை ஒளியோடும் உடம்போடும் சேர்க்கிற வேலைதான் பாக்கி.

பிரவுன்ஜானிடம் எனக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. அந்த டைட்டிலில் ஆடும் பெண்ணுக்கு உடம்பு மட்டும்தான். அவள்மேல் ஓடுவது யார் யார் பெயரோ. பெரும்பாலும் ஆண்களின் பெயர். திரைத்துணி செய்கிற வேலையை அவள் செய்கிறாள். உத்தியைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முப்பது வருடம் கழித்து இதற்குப் பதில்போல் சில வேலைகள் வந்தன. ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஷிரின் நிஷாத், 1993இலிருந்து ‘அல்லாவின் பெண்கள்’ வரிசையில், பெண்களின் முகம், கை, பாதம் தெரியும் புகைப்படங்கள்மேல் பாரசீகக் கவிதை வரிகளை மையால் எழுதினார். அந்தப் படங்களில் பெண் நம்மை நேராகப் பார்க்கிறாள். அமெரிக்கக் கலைஞர் ஜென்னி ஹோல்சர் அதே 1993இல், போஸ்னியப் போரில் பெண்களுக்கு நடந்த கொடுமையைப் பற்றிய வாக்கியங்களைத் தோலில் எழுதிப் படமெடுத்து ஒரு ஜெர்மன் இதழில் வெளியிட்டார். டிசைனர் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் 1999இல் தம் உரைக்கான சுவரொட்டிக்காக, எழுத்தைத் தம் உடம்பிலேயே கத்தியால் கீறச் செய்தார். கடைசியில் சொன்னதை எந்த மாணவரும் செய்து பார்க்கக் கூடாது. ஒளி இருக்கும்போது கத்தி தேவையே இல்லை.

இனி தமிழுக்கு வருவோம். கல்லில் வெட்டிய மாங்குளம் தமிழிப் பொறிப்பில் நேர்கோடுகள் அதிகம். ஓலைக்கு வந்ததும் எழுத்து வளைந்தது. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று புள்ளிகூடப் பல ஏடுகளில் விடுபட்டது. 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு ஈய எழுத்து வந்தபின், ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டைக்குள் அடைபட்டது. அச்சுக்கோப்புக்கும் தட்டச்சுக்கும் இடைஞ்சலாக இருந்த பழைய வடிவ ணை, லை, ளை, னை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் விடைபெற்றன. பரப்பு மாறியபோதெல்லாம் தமிழ் எழுத்து தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. தோலும் ஒரு பரப்பு. அது கேட்கும் மாற்றங்களையும் பார்ப்போம்.

முதலில் அடிபடுவது புள்ளி. முதுகில் மச்சம் இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி அதோடு குழம்பிப்போகும். அடுத்தது சுழி. ‘ண’வையும் ‘ன’வையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. குவியம் கொஞ்சம் தப்பினாலும் சுழி அடைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். ‘கெ’, ‘கே’ கொம்புகளுக்கும் இதே கதி. தோல் காகிதம் மாதிரி ஒளியை மேலேயே நிறுத்துவதில்லை. கொஞ்சம் ஒளி உள்ளே போய்ச் சிதறிப் பக்கத்தில் வெளியே வருகிறது. அதனால் எழுத்தின் ஓரம் எப்போதும் சற்று மசங்கும். சிவப்பு ஒளி அதிக தூரம் உள்ளே பரவுவதால் சிவப்பு எழுத்து கூடுதலாக மசங்கும். பச்சையும் நீலமும் அவ்வளவு பரவா. சுழிகளைக் கொஞ்சம் அகலத் திறந்து, புள்ளியைப் பெரிதாக்கி வரைந்தால்தான் தமிழ் தோலில் நிற்கும்.

பிறகு நீளம். ‘திருவல்லிக்கேணி’ எட்டு எழுத்து. முன்கையில் குறுக்கே போட்டால் பாதிப் பெயர் கைக்குப் பின்னால் போய்விடும். கையின் நீளவாக்கில் ஓட விட வேண்டும், அல்லது அசை அசையாகப் பிரித்து அடுக்க வேண்டும். மெல்லிய கோட்டு எழுத்துரு காணாமல் போகும், தடித்தது அடைந்துபோகும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரான்’ எழுத்துரு ஒன்பது தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நடுத்தடிமனில் தொடங்கி மேலும் கீழும் போய்ப் பார்ப்பது நல்லது.

நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மேலைநாட்டு மாதிரிப் படங்கள் பெரும்பாலும் வெளிர்தோலில் எடுத்தவை. கறுத்த தோல் அதிக ஒளியை உறிஞ்சும், எழுத்து மங்கலாகத் தெரியும். அதற்காக யாருக்கும் பவுடர் பூசாதீர்கள். ப்ரொஜெக்டரை நெருக்கி வையுங்கள்; தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போடுங்கள். எல்சிடி ப்ரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, எழுத்தைச் சுற்றிச் சாம்பல் பெட்டி ஒன்று தெரியும்; உடம்பைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினால் அது அவ்வளவாக உறுத்தாது. கேமராவைத் தானியங்கியில் விடாதீர்கள். சுற்றிலும் இருட்டு என்பதால் அது தோலை வெளுக்கவைத்துவிடும். நிறச்சக்கரம் சுழலும் ப்ரொஜெக்டராக இருந்தால் ஷட்டரை 1/30 நொடி அளவுக்கு மெதுவாக்குங்கள். வேகமாக வைத்தால் படத்தில் வண்ணப் பட்டைகள் விழும். நிற்பவர் லென்ஸை நேராகப் பார்க்க வேண்டாம். முகத்தில் போடுவதென்றால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்தால், ஈயக்கட்டைக்குள் அடைபட்ட அச்செழுத்து உடம்பில் நெகிழ்வதைப் பார்க்கலாம். ஒரே எழுத்துருவில் போட்ட இரண்டு ‘ழ’க்கள், ஒன்று தோளிலும் ஒன்று முழங்கையிலும் விழுந்து, இரண்டு பேர் எழுதிய மாதிரி நிற்கும். காத்திபின் கை உருது எழுத்துக்குத் தருகிற அந்தத் தனித்தன்மையை, கணினி எழுத்துக்கு ஓர் உடம்பு தருகிறது.

ஓவியக் கல்லூரிகளில் இதைச் செய்து பார்க்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கில எழுத்துருவிலேயே நின்றுவிடாதீர்கள். தமிழில் செய்யுங்கள், முடிந்தால் தோலுக்கென்றே நீங்கள் வரைந்த தமிழில் செய்யுங்கள். என்ன சொல்லைப் போடுவது என்பதை, வெளிச்சத்தில் நிற்கப்போகிறவர் முடிவு செய்யட்டும். படம் எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். எடுத்தபின் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அழித்துவிடுங்கள்.