தொண்டும் கூலியும்

தொண்டு என்னும் சொல்லைத் தமிழர் மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றுவர். சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரியபுராணத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்பதே இயற்பெயர். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சம்பளம் கருதாது கற்பித்தமையை எம் பாடசாலைகளிலே ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அச்சொல்லையே பதவிப் பெயராகத் தாங்கிய ஒரு கூட்டத்தார் வன்னி மண்ணில் உளர். தொண்டர் ஆசிரியர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். சிறிது காலம் நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு ஊராகப் புறப்பட்டபோது எனக்கு வயது இருபத்தைந்து. பண்டிதப் படிப்பு முடிந்திருந்தது, உத்தியோகம் கிடைத்திலது. தென்மராட்சியிலே சில மாதம் தங்கிப் பின் கிளாலிக் கடலேரியைப் படகிற் கடந்து வன்னி சேர்ந்தோம். 1996இன் பிற்பகுதியிலே கிளிநொச்சிப் பட்டினமும் வெறிச்சோடியது. மக்கள் மல்லாவி, துணுக்காய், அக்கராயன் என்று காடும் குளமும் சூழ்ந்த ஊர்களுக்கு ஒதுங்கினர். மல்லாவிக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பாடசாலை எனக்கு வாய்த்தது.

காலையில் அவ்வூர்ப் பாடசாலை; மாலையில் இடம்பெயர்ந்து வந்த வேறொரு பாடசாலை. கட்டடம் போதாமையாற் கிடுகுக் கொட்டில்களிலும் மர நிழலிலும் வகுப்புகள் நடந்தன. நியமனம் பெற்ற ஆசிரியர் மூவர். மற்றையோர் எம்போன்ற தொண்டர்.

காலை ஏழரை மணிக்குத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டிலே மணி அடிப்பர். தேவாரம் முடிந்ததும் இடாப்புக் கூப்பிடுவோம். யார் வரவில்லை என்பதைவிட ஏன் வரவில்லை என்பதே அங்கு ஆசிரியன் கற்கவேண்டிய பாடம். ஒருவனுக்கு மலேரியாக் காய்ச்சல். மற்றொருவன் வயற்காவலுக்குப் போயிருப்பான். ஆனி, ஆடியிற் பாலைப்பழம் பழுத்துவிட்டால் அரைவாசி வகுப்புக் காட்டிலே நிற்கும். கொப்பி அருமையாதலாற் பிள்ளைகள் பென்சிலால் எழுதி, அழித்து, அதே தாளில் மறுபடியும் எழுதுவர். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. போத்தல் விளக்கின் சிறு சுடரை நம்பி வீட்டுவேலை கொடுக்க மனம் வராது. இயன்றதனைத்தையும் பகலிலேயே முடிப்போம். விமான இரைச்சல் கேட்டாற் பதுங்குகுழி. மீண்டு வந்ததும் விட்ட வரியிலிருந்து பாடம்.

நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் ஒப்புக் கூறினார் நன்னூலார். அதனை நான் மனப்பாடமாக அறிவேன். ஆனாற் பசியால் அழும் ஐந்து வயதுக் குழந்தையின் முன்னே அவ்வறிவு எனக்கு உதவவில்லை. முதலாம் வகுப்பை நடத்திய இருபது வயதுப் பெண்ணொருவருக்கு வழி தெரிந்திருந்தது. தாயார் கொடுத்துவிடும் அவித்த மரவள்ளிக் கிழங்கைத் துண்டு செய்து, உண்ணாது வந்த பிள்ளைகளுக்கு இடாப்புக் கூப்பிடுமுன்னரே கொடுத்துவிடுவார். பின்னர் மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பார்.

அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவ்வாறு வந்த குடும்பங்களைக் குடியேற்றுவதற்குக் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தீயம் இயக்கம் அக்காலத்தில் உழைத்தது. பாலர் பள்ளிகளையும் நடத்தியது. 1983இலே அது ஒடுக்கப்பட்டது. அத்தகைய பள்ளியொன்றிலே ஒரு தொண்டரிடம் எழுத்தறிந்தவரே இப்பெண்.

மாலையில் அவர் தோட்டங்களில் வெங்காயம் நடப் போவார். அந்த நாட்கூலியே அவர் வீட்டு அடுப்பை எரித்தது. எனக்கோ கனடாவிலிருந்து தமையனார் அனுப்பும் பணம் இருந்தது. என் தொண்டுக்குச் செலவு செய்தவர் தமையனார். அப்பெண்ணின் தொண்டுக்குச் செலவு செய்தவர் அவரே. அறுவடை முடிந்ததும் பெற்றோர் ஆளுக்கொரு கொத்து நெல் கொண்டுவந்து எங்கள் முன் வைப்பர். அன்பிலே குறைவில்லை, ஆயினும் அதனை வேதனம் என்று சொல்ல அவர்களுக்கே வாய் வராது. ஆபிரிக்காவிலே சாட், மடகஸ்கார் முதலிய நாடுகளின் கிராமங்களிலும் அரசு ஆசிரியர் போதாத இடங்களிற் பெற்றோரே ஊராரில் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, இயன்றதைக் கொடுத்துப் பள்ளியை நடத்துவதுண்டு. வறியவர் பிள்ளைகளை வறியவரே தாங்குவது எங்கும் உள்ள வழக்கம்போலும்.

1998இலே எனக்கு வவுனியாவில் நியமனம் கிடைத்தது, போய்விட்டேன். அப்பெண் போகவில்லை. 2008இலே ஊர் பெயரும்வரை பன்னிரண்டு ஆண்டு அங்கே கற்பித்தார். பின் இடம்பெயர்ந்த வழியெங்கும் மரத்தடிகளிலும், 2009இலே செட்டிகுளத்து முகாமிலே தறப்பாளின் கீழும் கற்பித்தார்.

போருக்குப் பின்னர் தொண்டர் ஆசிரியர் பலர் நியமனம் பெற்றனர். பெறாதவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து போராடினர். நேர்முகத் தேர்வுக்குச் சென்ற அப்பெண்ணிடம் கையொப்பமிட்ட இடாப்பைக் கேட்டார்களாம். அது முல்லைத்தீவு மண்ணிலே எங்கு புதைந்ததோ, யாரறிவார்? ஒருநாள் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"ஐயா, நான் அங்க படிப்பிச்சனான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தருவீங்களோ?"

எழுதிக் கொடுத்தேன். பயன்படவில்லை. அக்காலத்தில் நானும் பதிவில்லாத தொண்டனாதலால் என் சாட்சிக்கே சாட்சி வேண்டியதாயிற்று. அதே ஆண்டிலே ஒரு விழாவில் என்னை மேடையேற்றி மாலையிட்டு, போர்க்காலத்திலே ஊதியமின்றிக் கற்பித்த பெருந்தகை என்று புகழ்ந்தார்கள். என் இரண்டு ஆண்டுகளுக்கு எவரும் இடாப்புக் கேட்கவில்லை. அந்த மாலையின் பாரம் இன்றும் என் கழுத்தில் உள்ளது.

தொண்டு என்பது ஒருவர் தாமே உவந்து அளிப்பது. நாவலர் சம்பளம் பெறாதது அவர் மேற்கொண்ட நோன்பு. கொடுக்கவேண்டிய கூலியைக் கொடாது வைத்து, அதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டுவது அறமன்று, அச்சொல்லுக்கும் இழுக்கு. இடாப்பு இல்லையெனின் ஊராரைக் கேட்கலாம், பிள்ளைகளைக் கேட்கலாம்.

அண்மையில் அவ்வூருக்குச் சென்றேன். அப்பெண்மணி இப்போது அங்கே முன்பள்ளி நடத்துகிறார். காலையில் ஓர் இளைஞன் மிதிவண்டியில் வந்து, தன் மகளை அவரிடம் ஒப்படைத்து, வணங்கிச் சென்றான். அவன் நாம் கற்பித்த அதே பாடசாலையிலே இன்று பட்டதாரி ஆசிரியன். அங்கே சென்று அன்றைய இடாப்பிற் கையொப்பமிடுவான். அவனுடைய விரலைப் பிடித்து முதலெழுத்தை மணலில் எழுதுவித்தவர் இவரே. சான்று வேண்டுவோர் வந்து காணலாம்.