வீட்டு சர்வருக்கு வெளியிலிருந்து வழி

குடும்பப் படங்களையெல்லாம் வீட்டுக் கணினியில் தொகுத்து ஓர் இணையப் பக்கமாக வைத்தாயிற்று. வீட்டில் எந்த அறையிலிருந்தும் அழகாகத் திறக்கிறது. ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு 192.168.1.10 என்ற முகவரியைச் சொன்னால், "ஒண்ணும் வரலியேப்பா" என்கிறார். ஏன்?

நாம் குடியிருக்கும் அடுக்குமாடியையே எடுத்துக்கொள்வோம். உறையின் மேல் "10-ஆம் நம்பர் வீடு" என்று மட்டும் எழுதினால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? 192.168 என்று தொடங்கும் எண்களும் அப்படித்தான். 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம் இவற்றை உட்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டது. ஊரறிந்த பொது முகவரி நம் ரூட்டருக்குத்தான் உண்டு.

அந்த ரூட்டரில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்தான் ஃபயர்வால். உள்ளிருந்து போன கேள்விக்கு வரும் பதிலைக் குறிப்பு பார்த்து உள்ளே விடுவார். தானாக வந்து நிற்கும் புது ஆளை விடமாட்டார். தாத்தா நிற்பது அங்கேதான்.

ஆகவே வாட்ச்மேனிடம் சொல்லிவைக்க வேண்டும்: "443-ஆம் போர்ட்டைக் கேட்டு வர்றவங்கள 192.168.1.10-க்கு அனுப்புப்பா." இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அதற்கு முன் கணினியின் உள் எண் மாறாதபடி ரூட்டரில் நிலைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் அந்த எண் டிவிக்குப் போய்விடலாம். கணினிக்கென்று உள்ள ஃபயர்வாலிலும் அதே போர்ட்டைத் திறக்க வேண்டும். பொது முகவரியும் அவ்வப்போது மாறக்கூடியது, டைனமிக் டி.என்.எஸ். சேவையில் ஒரு பெயர் வாங்கிவைத்தால் அது புது எண்ணைத் தொடர்ந்து காட்டும்.

இத்தனையும் செய்தும் வரவில்லையா? பழைய ஐ.பி.வி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்திருக்கின்றன. ரூட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ, வெளியுலகுக்குத் தெரியும் எண்ணும் அதுவும் வேறுபட்டாலோ நம் கதை இதுதான். அதாவது, காலனிக்கே ஒரு பெரிய கேட். அதன் வாட்ச்மேன் நிறுவனத்தின் ஆள். நம் வாட்ச்மேனிடம் சொல்லிப் பயனில்லை.

அப்போது வழி மூன்று. கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி கேட்கலாம். இரு முனையிலும் ஐ.பி.வி6 இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அல்லது வெளியே ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டுக் கணினியே அதனுடன் இணைந்து ஒரு சுரங்கப் பாதையைத் திறந்து வைத்திருக்கலாம். உள்ளிருந்து போகிறவரை எந்த வாட்ச்மேனும் மறிப்பதில்லை அல்லவா!

ஒரு எச்சரிக்கை. தாத்தாவுக்காகத் திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததுதான். முகவரி முகவரியாகக் கதவைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் இரவும் பகலும் அலைகின்றன. எனவே தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள். டி.எம்.இசட். என்ற வசதியைப் போட்டு முழுக் கணினியையும் தெருவில் நிறுத்தாதீர்கள். ரூட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். படங்களுக்கும் கடவுச்சொல் போடுங்கள். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். படங்களின் இன்னொரு பிரதி, இணையம் தொடாத வட்டில் இருக்கட்டும்.

கடைசியாகச் சோதனை. இதை வீட்டு வைஃபையில் செய்து ஏமாறாதீர்கள். சில ரூட்டர்கள் உள்ளிருந்து தம் பொது முகவரிக்கே திரும்பி வரவிடாது. கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வந்ததா? இனி தாத்தாவுக்கு ஃபோன் போடலாம்.