பி.டி. வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியார்!

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூரில் 300 அடி உயரத்திலிருந்து அருவியாகக் கொட்டுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சரிவில் பையன்கள் கால்பந்து ஆடினால்? பந்து பள்ளத்தில் உருண்டால் அதோடு சரி. காப்பித் தோட்டத்துக்குள் இறங்கித் தேட தனியாக ஓர் ஆள் வேண்டும்!

சேர்வராயன் மலையில் சமதரை என்பது குதிரைக் கொம்பு. இப்படிப்பட்ட ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது கூடைப்பந்து. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ரெண்டு கம்பம், ரெண்டு வளையம். ஆட்டம் ரெடி!

ஏற்காடு பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போன ஊர். மான்ட்போர்ட் பள்ளி 1917-லேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்றிருந்தால் ஒரு பி.டி. மாஸ்டர் இருப்பார். அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும்.

அந்த விசிலுக்கு ஒரு கதை இருக்கிறது. கதாநாயகன் ஓர் அமெரிக்கர். பெயர் ஹாரி குரோ பக்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

பக் பிறந்தது 1884-ல், பென்சில்வேனியாவில். படித்தது ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில்.

அது லேசுப்பட்ட இடமல்ல. 1891 டிசம்பரில், பனிக்கு பயந்து உள்ளே அடைந்து கிடந்த பையன்களுக்கு என்ன விளையாட்டுக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக் கொண்ட ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார், ரெண்டு பழக்கூடையை எடுத்து பால்கனியில் அடித்து மாட்டினார். பால்கனி உயரம் பத்து அடி. இன்றைக்கும் வளையத்தின் உயரம் அதே பத்து அடிதான். ஆரம்பத்தில் கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறிப் பந்தை எடுத்தார்களாம்!

அந்தக் கல்லூரியில் தேறிய பக், முதல் உலகப் போர் முடிந்த கையோடு சென்னைக்கு வந்து இறங்கினார்.

அப்போது நம்ம பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி எப்படி இருந்தது தெரியுமா? பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மீசையை முறுக்கிக் கொண்டு வருவார். "லெப்ட், ரைட்" போடுவார். வரிசை கோணினால் அடி. விளையாட்டு என்பதே கிடையாது.

இது பக்குக்குப் பிடிக்கவில்லை. உடற்பயிற்சி சொல்லித் தருவதும் கணக்கு, பூகோளம் சொல்லித் தருவது போல ஒரு வாத்தியார் தொழில். அதற்கும் முறையான படிப்பு வேண்டும் என்றார். 1920-ல் கையளவு மாணவர்களை வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த மாதிரி முதல் கல்லூரி இதுதான் என்பார்கள். பிறகு அடையாற்றங்கரையில் 65 ஏக்கரில் அது நிலைகொண்டது.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்றால் உங்களுக்குத் தெரியும். புத்தகக் கண்காட்சிக்குப் போய், புத்தகம் வாங்கினோமோ இல்லையோ, பஜ்ஜி தின்றுவிட்டு வந்தோமே, அதே இடம்தான்!

பாரீசுக்குப் போன டீம்

1924-ல் பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து ஓட்டப்பந்தய வீரர்கள் கப்பல் ஏறினார்கள். டீம் மானேஜர் யார்? நம்ம பக்தான். அந்த டீமில் சென்னை ராஜதானியைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார்.

மெடல் கிடைக்கவில்லை. ஆனால் அதோடு பக் ஓய்ந்துவிடவில்லை. நோரென் என்ற இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. அமெரிக்கரும் இவரும் நாடு முழுக்க அலைந்தார்கள். மாகாணத்துக்கு மாகாணம் விளையாட்டுச் சங்கம் அமைக்கச் சொல்லி ஆள் பிடித்தார்கள். 1927-ல் டோராப்ஜி டாடா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்?

மணிலாவில் ஒரு 'பேபி'

இங்கே ஒரு பக் வந்தது போல, பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு எல்வுட் பிரவுன் என்ற அமெரிக்கர் போனார். அதே ஒய்.எம்.சி.ஏ.தான். 1910-ல் மணிலாவில் கூடைப்பந்தை அறிமுகம் செய்தார். 

ஆனால் அங்கே நடந்தது வேறு. தெருவுக்குத் தெரு வளையம். தென்னை மரத்தில்கூட பலகை அடித்துவிட்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாவது இடம். 1951-ல் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்ததே, நம்ம டில்லியில்? நம்ம வீட்டுக்கே வந்து கூடைப்பந்துத் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். 1954 உலகப் போட்டியில் வெண்கலம்.

அந்த ஊர்க் காலேஜ் கோச் ஒருவர் கதையைக் கேளுங்கள். பெயர் விர்ஜீலியோ தலுபான். ஊரே கூப்பிடுவது 'பேபி'. 1923-ல் பிறந்தவர். ஈஸ்ட் பல்கலைக்கழகத்தின் கோச். அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவருடைய அப்பா! சரி, சிபாரிசு கேஸ் என்றுதானே நினைப்பீர்கள்? 1965 முதல் 1971 வரை, தொடர்ந்து ஏழு வருஷம், பல்கலைக்கழகப் போட்டியில் அவர் டீம்தான் சாம்பியன். சிபாரிசு ஒரு வருஷம் செல்லும். ஏழு வருஷம் செல்லுமா?

பிறகு கிரிஸ்பா என்ற கம்பெனி டீமுக்குக் கோச்சாக இருந்தார். 1976-ல் ஒரே வருஷத்தில் நடந்த மூன்று தொழில்முறைப் பட்டங்களையும் அள்ளினார். அப்போது எதிரி டீமான டொயோட்டாவில் நின்று மல்லுக்கட்டியவர் ராபர்ட் ஜவோர்ஸ்கி. காலேஜில் தலுபானிடமே பாடம் படித்த பையன்! குருவுக்கும் சிஷ்யனுக்கும் நடந்த இந்தப் போட்டிக்கு ஊரே ரெண்டு கட்சியாகப் பிரிந்தது. சிஷ்யன் ஜவோர்ஸ்கி 1998-ல் செனட்டராகவே ஜெயித்துவிட்டார் என்றால் கூடைப்பந்துக்கு அங்கே இருக்கும் மவுசைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

1990-ல், 67 வயதை நெருங்கியபோது, ப்யூர்புட்ஸ் டீமை எடுத்து நடத்தினார் தலுபான். ஐந்து ஆட்ட இறுதிப் போட்டி. முதல் ரெண்டிலும் தோல்வி. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார்கள். அடுத்த மூன்றையும் ஜெயித்துக் கோப்பையை வாங்கினார்! தொழில்முறைப் போட்டிகளில் மொத்தம் 15 பட்டம். 2016-ல் 92-வது வயதில் காலமானார். அந்த நாட்டில் சிறந்த கோச்சுக்குத் தரும் விருதே இவர் பெயரில்தான்.

உயரமா குறைச்சல்?

நம்ம கதை என்ன? 1934-ல் தேசியப் போட்டி ஆரம்பம். 1950-ல் சம்மேளனம். ஒலிம்பிக்கில் ஆண்கள் டீம் ஆடியது ஒரே தடவை, 1980 மாஸ்கோ. பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த சான்ஸ். ஏழு ஆட்டம், ஏழிலும் தோல்வி.

"நமக்கு உயரம் பத்தாது சார்" என்பார்கள். பிலிப்பைன்காரர்கள் என்ன பனைமரமா? அவர்களும் நம்மைப் போலத்தான். அங்கே காலேஜ் மேட்சுக்கு டிக்கெட் வாங்கி முண்டியடித்துக் கொண்டு போகிறார்கள். இங்கே ஆடுகிற பையனுடைய அம்மாகூட வருவதில்லை.

சென்னைப் பெண் அனிதா பால்துரை 2000-லிருந்து 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார். 19 வயதில் காப்டன். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பி வந்தவர். தெற்கு ரயில்வேயில் வேலை. 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதுவரை மின்சார ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எத்தனை பேருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்?

திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பி.டி. பீரியடுக்குத்தான். பத்தாம் வகுப்பு வந்தால் அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக் கொள்கிறார். மீதி இருந்தால் சயன்ஸ் வாத்தியார். பி.டி. மாஸ்டருக்கு மிஞ்சுவது பிரேயர் வரிசையும், லேட்டாக வந்தவனைப் பிடிப்பதும்தான். பட்டாளத்து டிரில்லை ஒழிக்க பக் பாடுபட்டார். நாம் பீரியடையே ஒழித்துவிட்டோம்!

பக் சொந்த நாட்டுக்குப் போய் ஓய்வெடுக்கவில்லை. கல்லூரித் தலைவராக இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். 1943-ல் காலமானார்.

அவர் தொடங்கிய கல்லூரி 2020-ல் நூறு வயதைத் தொட்டது. அந்த வருஷம்தான் கொரோனா. ஊர் முழுக்க மைதானங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள்.