டிகிரி படிக்கும் பிள்ளைக்கு எந்தச் சட்டத் தேர்வு?

"பி.ஏ. படிக்கும் பிள்ளையை வக்கீலாக்க கிளாட் கோச்சிங் சேர்க்கலாமா?" என்று திண்டுக்கல் பேகம்பூர் பக்கத்துப் பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். பணம் கட்டுமுன் சற்றுப் பொறுங்கள். இளநிலை கிளாட் தேர்வு, பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கானது. முதுநிலை கிளாட் சட்டப் பட்டதாரிகளுக்கு.

உங்கள் பிள்ளைக்குரியது மூன்றாண்டு எல்.எல்.பி. மதுரை உள்ளிட்ட அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வே கிடையாது. டிகிரி மதிப்பெண்தான் பேசும். ஆகவே ஒவ்வொரு செமஸ்டரும் நுழைவுத் தேர்வுதான். அரியர் வைத்துக்கொண்டு கோச்சிங் போவதில் நமக்கு உடன்பாடில்லை. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. லெப்பை, தக்கனி, ஷேக், சையது எனப் பட்டியலிலுள்ள பிரிவு சாதிச் சான்றிதழில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

வெளிமாநிலம் அனுப்புவதானால் தேர்வு உண்டு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022இல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியது; அதற்கு என்.எல்.சாட். பாதி கொள்குறி வினா, பாதி ஆங்கிலத்தில் விரித்தெழுதுவது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டாம் பாதியில்தான். முதலாண்டிலிருந்தே தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தைப் படித்து, அதன் வாதத்தைச் சொந்த நடையில் பத்து வரி எழுதட்டும். ஃபஜ்ருக்குப் பிந்தைய அரைமணி நேரம் போதும்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்போருக்கு ஒரு தகவல்: வேதியியல் பட்டம் பெற்றபின் சட்டம் படித்த ஃபாத்திமா பீவி அவர்கள்தான் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, பின்னர் நம் மாநில ஆளுநரும்கூட.