காலநிலைக் கொள்கை மாதிரியுருக்களில் ஏழை நாடுகளின் நிறை

சர்வதேசக் காலநிலைக் கொள்கை பற்றிய விவாதங்களில் பொருளியல் மாதிரியுருக்கள் தரும் எண்கள் மிகுந்த செல்வாக்குடையன. காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தை எவ்வளவு விரைவாகக் குறைத்தல் வேண்டும், அச்சுமையை எவர் ஏற்றல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு அவை விருப்புவெறுப்பற்ற விடைகளாகக் கொள்ளப்படுகின்றன. எனினும், கணிப்புத் தொடங்குமுன்னர் மாதிரியுருவினுள் வைக்கப்படும் எடுகோள்களே விடையைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. அவற்றுள் ஒன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹவுஸ் 1992இல் ‘டைஸ்’ என்னும் மாதிரியுருவை வெளியிட்டார். பொருளாதார வளர்ச்சி வெளியேற்றத்தை உண்டாக்குகின்றது. வெளியேற்றம் வெப்பநிலையை உயர்த்துகின்றது. வெப்ப உயர்வு உற்பத்தியைப் பாதிக்கின்றது. இத்தொடர்பை உலகம் முழுவதையும் ஓரலகாகக் கொண்டு அது கணித்தது. 1996இல் அவரும் சிலி யாங்கும் உலகைப் பல பிராந்தியங்களாகப் பிரித்து ‘றைஸ்’ மாதிரியுருவை அமைத்தனர். 2018இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற இருவருள் நோர்ட்ஹவுசும் ஒருவர்.

பிராந்தியங்களாகப் பிரித்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. ஒருவரின் நுகர்வு உயர உயர, மேலதிகமான ஒரு டொலர் அவருக்குத் தரும் பயன்பாடு குறையும் என்பது இம்மாதிரியுருக்களின் அடிப்படை எடுகோள். மடக்கைச் சார்பைக் கொண்டால், ஆண்டுக்கு 1,000 டொலர் நுகர்பவருக்கு ஒரு டொலர் தரும் பயன்பாடு, 40,000 டொலர் நுகர்பவருக்கு அது தருவதைப்போல் 40 மடங்காகும். ஆகவே உலகின் மொத்த நலனை உச்சப்படுத்துமாறு கணினியைப் பணித்தால், செல்வந்த நாடுகளின் செல்வத்தை வறிய நாடுகளுக்கு மாற்றுக என்றே அது கூறும்.

இவ்விடையைத் தவிர்ப்பதற்கு ‘நெகிஷி நிறைகள்’ கையாளப்பட்டன. போட்டிச் சந்தையில் சமநிலை உண்டென நிறுவும்பொருட்டு யப்பானியப் பொருளியலாளர் தகாஷி நெகிஷி 1960இல் பயன்படுத்திய முறை இது. ஒவ்வொரு பிராந்தியத்தின் நலனும் அதன் எல்லைப் பயன்பாட்டுக்கு நேர்மாறு விகிதத்திலமைந்த நிறையாற் பெருக்கப்படும். அதனால் மேற்கூறிய 40 மடங்கு வேறுபாடு மறைந்துவிடும். பட்டினியைப் போக்கும் டொலரும் ஆடம்பரத்துக்குச் செலவாகும் டொலரும் சமமாகும். இன்றுள்ள வருமானப் பங்கீடு நீதியானதென மாதிரியுரு எங்கும் கூறுவதில்லை. ஆயின் அவ்வாறு கொண்டாற்போலவே கணிக்கின்றது.

இதில் ஒரு முரணும் உண்டு. எதிர்காலச் சந்ததியினர் எம்மிலும் செல்வமுடையோராயிருப்பர். ஆதலால் அவர்தம் இழப்பைக் குறைத்து மதிப்பிடலாம் என்று வாதிடுகையில் குறைந்துசெல்லும் பயன்பாடு என்னும் அதே எடுகோள் பேணப்படுகின்றது. காலத்துக்குக் காலம் ஏற்கப்படும் நியாயம், நாட்டுக்கு நாடு மறுக்கப்படுகின்றது.

அரசுகள் ஒருபோதும் ஏற்காத செல்வ மாற்றத்தை விதந்துரைக்கும் மாதிரியுருவாற் பயனில்லை என்பர் இம்முறையை ஆதரிப்போர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், சந்தையின் இயக்கத்தை விவரிக்க எழுந்த கருவி, உலகம் எவ்வாறு இயங்கவேண்டுமென விதிக்கப் பயன்படும்போது, அது வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். 1992ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் காலநிலைச் சமவாயம் ஏற்றுக்கொண்ட ‘பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள்’ என்னும் கோட்பாட்டுக்கு அந்நிறைகளில் இடமில்லை.

மாற்று அணுகுமுறைகள் இல்லாமலில்லை. புவியின் உறிஞ்சும் ஆற்றல் மனிதகுலத்தின் பொதுச்சொத்து, அதனைத் தலைக்குச் சமமாகப் பங்கிடல் வேண்டும் என்று புதுடில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாரைனும் 1991இலேயே வாதிட்டனர். பிழைப்புக்கான வெளியேற்றத்தையும் ஆடம்பர வெளியேற்றத்தையும் வேறுபடுத்தினர். 2015இல் வெளியான ‘நைஸ்’ மாதிரியுரு, றைஸின் ஒவ்வொரு பிராந்தியத்தையும் ஐந்து வருமானக் குழுக்களாக வகுத்தது. பாதிப்பு வறியோர்மீதே மிகுதியாக விழும் எனக் கொண்டபோது, காபனுக்கு விதிக்கவேண்டிய விலை பன்மடங்கு உயர்ந்தது. காலநிலை பற்றிய அறிவியல் ஒன்றே. மாறியது, யாருடைய இழப்பு எண்ணப்பட்டது என்பதே.

2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தானே வரையறுக்கின்றது. அப்பங்களிப்புப் போதியதா என்ற விவாதத்தில் மாதிரியுருக்களின் எண்கள் தொடர்ந்தும் முன்வைக்கப்படும். அவற்றைச் சந்திக்கும் ஆய்வாளர் முதலிற் கேட்கவேண்டிய வினா, எந்நிறைகளைக் கொண்டு அவை கணிக்கப்பட்டன என்பதாகும்.