அலுமினியத் தண்டு போட்டால் கார் பறக்குமா?

மயிலாப்பூர் லஸ் முனை. பச்சை விளக்கு எரிகிறது. ஒரு பழைய அம்பாசடர் கார் புறப்படுகிறது. புறப்படும்போதே அதன் அடிவயிற்றில் "டக்" என்று ஒரு சத்தம்!

காருக்குள் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

"என்ன சத்தம் அப்பா?" என்று மகள் கேட்கிறாள்.

"வண்டிக்கு வயதாகிவிட்டது அம்மா. அடுத்த மாதம் அலுமினிய ஷாப்ட் வாங்கிப் போடப் போகிறேன். வண்டி பறக்கும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று நண்பர் சொன்னார்" என்கிறார் அப்பா.

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் எண்ணம் சரியா? நண்பர் சொன்னது உண்மையா?

அது என்ன தண்டு?

அம்பாசடர் காருக்கு எஞ்சின் முன்னால் இருக்கிறது. ஆனால் காரைத் தள்ளுவது பின் சக்கரங்கள். எஞ்சினின் பலத்தைப் பின்னால் கொண்டுபோவது யார்? காருக்கு அடியில், முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு நீண்ட குழாய். அதுதான் "புரொப்பல்லர் ஷாப்ட்". சுழலும் தண்டு என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் பல கார்களுக்குச் சைக்கிளைப் போலச் சங்கிலிதான். 1898-ம் ஆண்டு பிரான்சில் லூயி ரெனோ என்ற 21 வயது வாலிபர் தாம் செய்த காரில் சங்கிலியை நீக்கிவிட்டுத் தண்டை வைத்தார். 1903-ல் அமெரிக்கர் கிளாரன்ஸ் ஸ்பைசர், தண்டை இணைக்கும் மூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டு ஒடியாமல் வளைந்து கொடுப்பது அந்த மூட்டினால்தான். "யுனிவர்சல் ஜாயிண்ட்" என்பது அதன் பெயர். நம் கை மூட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலேயே 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கும் இந்தத் தண்டு உண்டு. 2014 வரை தயாரான அம்பாசடருக்கும் உண்டு. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஈக்கோ வண்டிகளுக்கும் உண்டு.

ஆனால் 1983-ல் வந்த மாருதி 800-க்கு இது கிடையாது! 1998-ல் வந்த சான்ட்ரோவுக்கும் கிடையாது. அவற்றை இழுப்பது முன் சக்கரங்கள். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். அத்தகைய காரை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

எடை எவ்வளவு குறையும்?

அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் தண்டின் எடையும் மூன்றில் ஒன்றாகுமா? ஆகாது. அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே குழாயைப் பருமனாகவும் கனமாகவும் செய்யவேண்டும். மூட்டுகளோ எஃகாகவே இருக்கும்.

எஃகுத் தண்டு 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தில் அது 6 கிலோ என்றால், மிச்சம் 4 கிலோ. காரின் எடையோ 1,000 கிலோவுக்கு மேல்!

"சுற்றுகிற பொருள் அல்லவா? அதன் கணக்கு வேறு" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தண்டு ஒல்லியானது. அதன் எடை நடு அச்சை ஒட்டியே இருக்கிறது. அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், லாபம் இன்னும் ஒரு கிலோகூட ஏறாது.

டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று சும்மா கிடக்கிறதா? அதை எடுத்து வீட்டில் வையுங்கள். அதே பலன் கிடைத்துவிடும். செலவு ஒரு காசு இல்லை!

யாருக்குப் பயன்?

அலுமினியத் தண்டு வீண் என்று சொல்லவில்லை. 1984-ல் அமெரிக்காவின் கார்வெட் பந்தயக் காரைப் போன்ற வண்டிக்குக் கம்பெனியே அதைப் பொருத்தியது.

குழந்தைகள் ஸ்கிப்பிங் ஆடும் கயிற்றைப் பாருங்கள். சுற்றும்போது நடுவில் வளைகிறது அல்லவா? நீண்ட தண்டும் மிக வேகமாகச் சுற்றினால் அப்படி வளையப் பார்க்கும். பருமனான குழாய் அதைத் தடுக்கும். அலுமினியத்தில் செய்தால், பருமனாக இருந்தும் எடை ஏறாது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் ஓடுகிறவருக்கு அது உதவலாம். தி.நகர் உஸ்மான் ரோட்டில் கூட்டத்தில் ஊர்ந்து போகிறவருக்கு எதற்கு?

சங்கடமும் உண்டு. குழியில் கல் தெறித்து அடித்தால் அலுமினியம் எளிதில் நசுங்கும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் உப்புக் காற்று வீசுகிறது. எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கும்.

"டக்" சத்தம் ஏன்?

அந்தச் சத்தத்துக்கு வருவோம். கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் "டக்" என்று கேட்டால், பெரும்பாலும் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று பொருள். கிரீஸ் வற்றியிருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வெள்ளம் புகுந்ததே, நினைவிருக்கிறதா? அப்படித் தண்ணீரில் நின்ற கார்களின் மூட்டுக்குள் நீர் இறங்கினால் கிரீஸ் கெடும், துரு பிடிக்கும்.

இதை அலட்சியம் செய்வது அபாயம். அம்பாசடர் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தண்டு நிமிஷத்துக்கு 2,000 முறைக்கு மேல் சுற்றுகிறது. அப்போது முன் மூட்டு உடைந்தால் தண்டின் முனை ரோட்டில் விழும். ரோட்டில் குத்திக்கொண்டால் காரையே தூக்கிப் போட்டுவிடும்! பிரேக் குழாயை அடித்து உடைத்தாலும் உடைக்கும்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான்:

சத்தம் கேட்டவுடன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, அவர் தண்டைக் கையால் பிடித்துத் திருகிப் பார்ப்பார். மூட்டு ஆடினால் மாற்றச் சொல்லுங்கள். கழற்றும் முன் அடையாளக் கோடு போட்டு, இருந்தபடியே திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். கிரீஸ் அடிக்கும் வகை மூட்டானால் சர்வீஸ்தோறும் அடிக்கச் சொல்லுங்கள். வேகமாகப் போகையில் கார் நடுங்கினால் தண்டை "பாலன்ஸ்" பார்க்கவேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருமுறை தூக்கி நிறுத்தி அடியில் பார்த்துவிடுங்கள்.

புதுத் தண்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு மூட்டின் விலை சிறு தொகை. லஸ் முனைக் குடும்பத்தின் அப்பா முதலில் அதை மாற்றட்டும். மிச்சப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு இருக்கட்டும்.

கார் பறக்கவேண்டாம். பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்தால் போதும்!